பழைய மடிக்கணனியைத் திருத்திப் பாவிப்போம்

கிணற்றடியில் நீரிறைக்கும் இயந்திரம் தண்ணீரைக் குறைவாகத் தள்ளினால் எமது விவசாயிகள் உடனே புதிய இயந்திரம் வாங்க ஓடுவதில்லை. குழாயின் அடிவால்வில் குப்பை அடைத்திருக்கிறதா, எங்காவது காற்று இழுக்கிறதா, பிளக்கில் கரி பிடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். குறை எங்கே என்று கண்டுபிடித்த பின்னர்தான் காசைச் செலவழிக்கிறார்கள். அநேகமாகச் சிறு செலவோடு அலுவல் முடிந்துவிடும்.

ஆனால் வீட்டில் இருக்கும் மடிக்கணனி மெதுவாகிவிட்டால் மட்டும் நாம் இந்த அறிவை மறந்துவிடுகிறோம். "இது பழசாகிப் போச்சு, இனிப் புதிசுதான் வாங்க வேணும்" என்று முடிவு செய்து கடனுக்கு அலைகிறோம். இடம்பெயர்ந்து வந்து, இன்னொருவர் காணியில் குத்தகைக்குப் பயிர் செய்து, ஒவ்வொரு போகத்துக்கும் விதைநெல்லுக்கே கடன்படும் குடும்பங்களுக்கு இது பெரிய பாரமாகும். ஆகவே இந்தப் பாடத்தில் பழைய மடிக்கணனி ஒன்றைச் சோதித்து, நினைவகத்தையும் தேக்ககத்தையும் மாற்றித் திருத்தும் முறையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

நாம் திறந்து பார்த்த ஒரு கணனி

உயர்தரம் படிக்கும் மகளுக்காக ஒரு குடும்பம் பழைய மடிக்கணனி ஒன்றை வாங்கியிருந்தது. அது 2012 ஆம் ஆண்டு வெளிவந்த லெனோவோ திங்க்பாட் எக்ஸ் 230 என்ற வகை. காலையில் அதை இயக்கிவிட்டு, அடுப்பு மூட்டித் தேநீர் வைத்துக் குடித்து முடிந்த பின்னரும் அது வேலைக்குத் தயாராவதில்லை. பாடக் குறிப்பொன்றைத் திறந்தால் திரை அப்படியே உறைந்து நிற்கும். புதியது வாங்குவதற்காகத் தாயார் தன் சங்கிலியை ஈடு வைக்கத் தீர்மானித்திருந்தார். ஈடு வைக்குமுன் ஒருமுறை பார்ப்போம் என்று அதை எமது வகுப்புக்குக் கொண்டுவரச் சொன்னோம்.

மேசையில் வைத்ததும் தாயார் கேட்ட முதற் கேள்வி இதுதான்: "ஐயா, இதைத் திறந்தால் உள்ளுக்கு இருக்கிற படங்கள் அழிஞ்சு போகாதோ?"

உள்ளே இருந்தவை சாதாரணப் படங்கள் அல்ல. விட்டுவந்த காணியின் உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், பழைய வீட்டின் முற்றத்தில் நின்று எடுத்த குடும்பப் படம் ஆகியவற்றின் பிரதிகள் அதில் இருந்தன. அவை வேறெங்கும் இருக்கவில்லை. அந்தத் தாயாரின் கேள்வியே இந்தப் பாடத்தின் முதல் விதி. அதற்குப் பின்னர் வருவோம்.

நினைவகமும் தேக்ககமும்

கணனியின் உள்ளே இரண்டு விதமான இடங்கள் உள்ளன. இவற்றைப் பலர் ஒன்றென்று எண்ணிக் குழம்புகிறார்கள்.

தேக்ககம் என்பது வீட்டிலுள்ள நெற்கொம்பறை போன்றது. மின்சாரம் நின்றாலும் அதில் உள்ளவை அப்படியே இருக்கும். படங்கள், பாடக் குறிப்புகள், கணனியை இயக்கும் பணிசெயல் முறைமை யாவும் அங்கேதான் வைக்கப்பட்டுள்ளன.

நினைவகம் என்பது முற்றத்தில் விரித்த பாய் போன்றது. கொம்பறையில் இருந்து நெல்லை எடுத்துப் பாயில் பரப்பித்தான் காய வைக்கிறோம். அதுபோலக் கணனியும் தேக்ககத்தில் உள்ளதை நினைவகத்துக்கு எடுத்து வந்துதான் வேலை செய்கிறது. மின்சாரம் நின்றால் இந்தப் பாய் சுருட்டப்பட்டுவிடும். கடைகளில் இதனை 'ராம்' என்பர்.

பாய் சிறிதாக இருந்தால் என்ன நடக்கும்? ஒரு பகுதியைக் கொம்பறைக்குத் திருப்பிக் கொண்டுபோய், இன்னொரு பகுதியை எடுத்து வர வேண்டும். நாள் முழுவதும் இந்த நடையிலேயே கழிந்துவிடும். நினைவகம் போதாத கணனியும் இவ்வாறே தேக்ககத்துக்கும் நினைவகத்துக்கும் இடையில் ஓடிக்கொண்டிருக்கும். திரை உறைந்து நிற்பதற்கு இது ஒரு காரணம்.

மற்றைய காரணம் கொம்பறையின் வாசல். பழைய மடிக்கணனிகளில் உள்ள வன்தட்டு, சுழலும் தட்டும் அதன் மேல் அசையும் ஒரு வாசிப்புத் தலையும் கொண்டது. 1956 இல் ஐ.பி.எம். நிறுவனம் முதன்முதலில் வெளியிட்ட வன்தட்டும் இதே அடிப்படையில்தான் இயங்கியது. மடிக்கணனிகளில் உள்ள பல வன்தட்டுகள் நிமிடத்துக்கு 5400 தடவை சுழல்கின்றன. வேகந்தான். ஆனால் அங்குமிங்குமாகச் சிதறிக் கிடக்கும் சிறு சிறு கோப்புகளை வாசிக்கும்போது தலை ஒவ்வொரு தடவையும் இடம்மாறி, தட்டு சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு செக்கனில் நூறு தடவைகூட அதனால் இவ்வாறு இடம்மாறி வாசிக்க முடிவதில்லை.

இதற்குப் பதிலாக இப்போது கிடைப்பது திண்மநிலைத் தேக்ககம். கடையில் 'எஸ்.எஸ்.டி.' என்று கேட்க வேண்டும். இதில் சுழலும் பகுதி எதுவும் இல்லை. 1980களில் ஜப்பானின் தொஷிபா நிறுவனத்தில் புஜியோ மசுவோக்கா என்பவர் உருவாக்கிய பிளாஷ் நினைவகமே இதன் அடிப்படை. செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவைகள் வெவ்வேறு இடங்களில் இருந்து இது வாசிக்கும். சுழலும் தட்டு இல்லாதபடியால், கிறவல் வீதியில் மோட்டார் சைக்கிளில் கொண்டு போகும்போது ஏற்படும் குலுக்கலும் இதனை எளிதில் பாதிப்பதில்லை.

குறை எங்கே என்று கண்டறிதல்

விண்டோஸ் உள்ள கணனியில் கொன்ட்ரோல், ஷிப்ற், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் 'ராஸ்க் மனேஜர்' என்ற பலகை தோன்றும். அதில் 'பெர்போமன்ஸ்' என்ற பகுதியைத் திறக்கவும். பிள்ளை வழமையாகச் செய்யும் வேலைகளைச் செய்துகொண்டே மூன்று எண்களைக் கவனிக்க வேண்டும்.

1. மெமரி: நூற்றுக்கு 85, 90 என்று நின்றால் பாய் போதாது. நினைவகம் தேவை.

2. டிஸ்க்: பெரிய வேலை எதுவும் நடக்காதபோதும் நூற்றுக்கு 100 என்று நின்றால் கொம்பறையின் வாசல் அடைபட்டுள்ளது. எஸ்.எஸ்.டி. தேவை.

3. சி.பி.யு.: இதுமட்டும் எந்நேரமும் 100 இல் நின்றால் கணனியின் மூளையே வேலையைத் தாங்காமல் நிற்கிறது. முதலில் வைரஸ் போன்ற தேவையற்ற நிரல்கள் உள்ளே ஓடுகின்றனவா என்று பார்க்கவும். அதுவும் இல்லையென்றால் நினைவகமோ எஸ்.எஸ்.டி.யோ வாங்கிப் பெரிய பயனில்லை.

நாம் பார்த்த கணனியில் நினைவகம் 4 ஜிகாபைற்று. மெமரி 90 ஐத் தாண்டி நின்றது. டிஸ்க் 100 இலேயே நின்றது. மூளை பெரும்பாலும் சும்மா இருந்தது. வன்தட்டின் உடல்நிலையைக் காட்டும் 'கிறிஸ்ரல் டிஸ்க் இன்போ' என்ற இலவச நிரலை ஓட்டிப் பார்த்தோம். அது எச்சரிக்கை நிறத்தைக் காட்டியது. அதாவது அந்த வன்தட்டு எந்த நாளும் நின்றுவிடக்கூடிய நிலையில் இருந்தது.

திறக்குமுன் பிரதி எடுங்கள்

இப்போது தாயாரின் கேள்விக்கு வருவோம். கணனியைத் திறப்பதால் படங்கள் அழிவதில்லை. ஆனால் வன்தட்டை மாற்றும்போதோ, அது தானாகப் பழுதடையும்போதோ எல்லாம் போய்விடலாம். எனவே ஸ்குறூ ஆணி ஒன்றைக் கழற்றுமுன் உள்ளிருப்பவற்றைப் பிரதி எடுக்க வேண்டும்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களுக்கும், 2009 இல் வன்னியில் இருந்து உடுத்த உடுப்போடு வெளியேறியவர்களுக்கும், உறுதிப் பெட்டியைத் தவறவிட்டதன் துன்பத்தை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கணனியில் உள்ள பிரதி மூல உறுதிக்கு ஈடாகாது. ஆயினும் அதில் உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவை இருக்கும். இவை கையில் இருந்தால் காணிப் பதிவகத்தில் தேடி அத்தாட்சிப்படுத்திய பிரதி பெற விண்ணப்பிப்பது எளிதாகும். இவை இல்லாமல் தேடுவது வைக்கோற் போரில் ஊசி தேடுவதாகும்.

பிரதி எடுக்கும் முறை இது:

1. முக்கியமானவற்றை முதலில் எடுக்கவும். உறுதி, காணி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை ஆகியவற்றின் படங்கள் முதலில். பாடக் குறிப்புகள் அடுத்து. குடும்பப் படங்கள் அதற்கு அடுத்து. சினிமாவும் பாட்டும் கடைசியில். பழுதாகும் வன்தட்டு பாதியில் நின்றுவிடலாம் என்பதால் இந்த ஒழுங்கு அவசியம்.

2. வெவ்வேறான இரண்டு இடங்களில் வைக்கவும். ஒரு பென் டிறைவ் வீட்டில் இருக்கட்டும். மற்றையது வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கையான உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

3. பிரதி எடுத்த கோப்புகளை வேறொரு கணனியில் திறந்து பார்க்கவும். பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. படம் திறக்க வேண்டும்.

இந்த வேலைக்கு எமக்கு ஒரு பிற்பகல் முழுவதும் பிடித்தது. உறுதியின் படத்தை இன்னொரு கணனியில் திறந்து காட்டிய பின்னர்தான் தாயார் கதிரையில் ஆறுதலாக இருந்தார்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் நாம் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறோம். வகையைச் சரியாகப் பார்க்காமல் அவசரத்தில் ஒரு நினைவக அட்டையை வாங்கி வந்தோம். அது டி.டி.ஆர். 4 வகை. இந்தக் கணனிக்குத் தேவைப்பட்டது டி.டி.ஆர். 3. முன்னதில் 260 தொடுமுனைகள், பின்னதில் 204. வெட்டுப் பள்ளமும் வேறு இடத்தில் இருந்தது. அது பொருந்தவில்லை. மாற்றுவதற்காக மறுபடியும் பஸ் ஏறிப் பட்டணம் போக வேண்டியதாயிற்று. ஆகவே பழைய அட்டையைக் கழற்றிக் கடதாசியில் சுற்றி, கையோடு கடைக்குக் கொண்டு போவதே சிறந்த வழி.

நினைவகம்: எக்ஸ் 230 இல் இரண்டு அட்டைகளுக்கு இடமுண்டு. ஒன்றில் 4 ஜிகாபைற்று இருந்தபடியால், இன்னொரு 4 ஜிகாபைற்று அட்டையை வாங்கி 8 ஆக்கினோம். 16 வரை போடலாம். ஆனால் படிப்பு, கடிதம் எழுதுதல், இணையம் பார்த்தல் ஆகியவற்றுக்கு 8 போதும். பணிசெயல் முறைமை 32 பிற் வகையாக இருந்தால் 4 ஜிகாபைற்றுக்கு மேற்பட்ட நினைவகத்தை விண்டோஸ் வீட்டுக் கணனியில் பயன்படுத்தாது. எனவே 64 பிற் வகை போட வேண்டும்.

எஸ்.எஸ்.டி.: 240 அல்லது 256 ஜிகாபைற்று அளவு ஒரு மாணவருக்குப் போதுமானது. எக்ஸ் 230 க்கு இரண்டரை அங்குல, 7 மில்லிமீற்றர் தடிப்புள்ள 'சாட்டா' வகை வேண்டும். பிற்காலக் கணனிகளில் சூயிங்கம் பட்டை போன்ற 'எம். 2' வகை இருக்கும். அதிலும் சாட்டா, என்.வி.எம்.இ. என இரண்டு உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் எல்லாக் கணனியும் இரண்டையும் ஏற்காது. கேட்டு வாங்கவும்.

மெல்லிய கணனிகள் சிலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையுடன் ஈயம் வைத்து ஒட்டப்பட்டிருக்கும். அவற்றில் நினைவகத்தைக் கூட்ட முடியாது. காசு கொடுக்குமுன் இதை உறுதி செய்யவும்.

மிக மலிவாக மிகப் பெரிய கொள்ளளவு என்று விற்கப்படுபவற்றில் போலிகள் உண்டு. இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்கவும். உத்தரவாதச் சீட்டும் பற்றுச்சீட்டும் இல்லாமல் வாங்க வேண்டாம்.

ஒன்றுக்கு மட்டுந்தான் காசு இருக்கிறதென்றால் எதை வாங்குவது? நினைவகம் 2 ஜிகாபைற்றாக இருந்தால் முதலில் நினைவகம். 4 அல்லது அதற்கு மேல் இருந்து, உள்ளே பழைய வன்தட்டும் இருந்தால் முதலில் எஸ்.எஸ்.டி. மற்றையதை அடுத்த அறுவடைக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம்.

பொருத்தும் முறை

நல்ல வெளிச்சத்தில், வெறும் மரமேசையில் வேலை செய்யவும். எமது உடம்பிலும் ஆடையிலும் சேரும் நிலைமின்னேற்றம் நினைவக அட்டையைப் பழுதாக்கலாம். பொலியெஸ்ரர் உடுப்பைத் தவிர்த்து, தொடங்குமுன் சாயமில்லாத இரும்பு ஒன்றைக் கையால் தொட்டுக்கொள்ளவும்.

1. கணனியை நிறுத்தி, மின்கம்பியைக் கழற்றி, பற்றரியையும் கழற்றவும். பின்னர் இயக்கும் பொத்தானைச் சில செக்கன்கள் அழுத்திப் பிடிக்கவும். பற்றரி வீங்கியிருந்தால் அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. மறுபடி பாவிக்கவும் கூடாது.

2. அடிப்பக்கத்தில் உள்ள நினைவக மூடியின் ஸ்குறூ ஆணிகளைத் தளர்த்தி மூடியை எடுக்கவும். கழற்றும் ஆணிகளை ஒரு சிரட்டையில் போட்டு வைக்கவும்.

3. புதிய அட்டையை விளிம்பில் பிடித்து, வெட்டுப் பள்ளம் பொருந்தும்படி சரிவாகச் செருகிக் கீழே அழுத்தவும். இருபக்கக் கவ்விகளும் 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். பொருந்தாவிட்டால் பலவந்தப்படுத்த வேண்டாம்.

4. பக்கவாட்டில் உள்ள வன்தட்டு மூடியைத் தாங்கும் ஓர் ஆணியைக் கழற்றி, நாடாவைப் பிடித்து வன்தட்டை மெதுவாக வெளியே இழுக்கவும். அதன் இருபக்கமும் உள்ள இறப்பர்ப் பட்டிகளைக் கழற்றிப் புதிய எஸ்.எஸ்.டி.க்கு மாட்டி, அதே வழியால் உள்ளே தள்ளவும்.

5. எல்லாவற்றையும் பூட்டி, கணனியை இயக்கி எப் 1 விசையை அழுத்தவும். அங்கு நினைவகம் 8 ஜிகாபைற்று என்று காட்ட வேண்டும். திரை தெரியாமல் 'பீப்' ஒலி மட்டும் வந்தால் அட்டை சரியாக அமரவில்லை. மறுபடி பற்றரியைக் கழற்றிவிட்டு அட்டையை எடுத்துச் செருகவும்.

மற்றைய கணனிகளில் மூடிகளின் இடமும் ஆணிகளின் எண்ணிக்கையும் வேறுபடும். அந்தந்த வகைக்குரிய கைந்நூலைப் பார்க்கவும்.

பணிசெயல் முறைமை

புதிய எஸ்.எஸ்.டி. வெறுமையானது. அதில் பணிசெயல் முறைமையை நிறுவ வேண்டும். விண்டோஸ் 10 க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசொப்ற் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. இன்ரெல் மூளை உள்ள கணனிகளில், விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறை முதலானவற்றையே ஏற்கிறது. எக்ஸ் 230 மூன்றாம் தலைமுறை என்பதால் அந்தப் பட்டியலில் இல்லை.

இதனால் கணனி வீணென்று எண்ண வேண்டாம். 'லினக்ஸ் மின்ற்' என்ற இலவசப் பணிசெயல் முறைமை 4 ஜிகாபைற்று நினைவகத்திலேயே நன்றாக ஓடும். கடிதம், கணக்குத்தாள், இணையம், தமிழில் தட்டச்சு எல்லாம் அதில் உண்டு. 8 ஜிகாபைற்றுப் பென் டிறைவ் ஒன்றில் அதனைத் தயார்செய்து, கணனியை இயக்கும்போது எப் 12 விசையை அழுத்தி அங்கிருந்து நிறுவலாம். ஆனால் பிள்ளையின் பாடத்துக்கு விண்டோஸில் மட்டும் ஓடும் நிரல் எதுவும் தேவையா என்று முதலில் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளவும்.

எமது கணனி இப்போது அரை நிமிடத்துக்குள் வேலைக்குத் தயாராகிறது. அடுப்பு மூட்டவும் நேரமில்லை. சங்கிலி ஈட்டுக்குப் போகவில்லை.

கழற்றிய வன்தட்டை என்ன செய்வது?

நல்ல நிலையில் இருந்தால் யூ.எஸ்.பி. உறை ஒன்றில் போட்டுப் பிரதிகள் வைக்கப் பாவிக்கலாம். பழுதடையும் நிலையில் இருந்தால் அதை நம்ப வேண்டாம். எதுவாயினும் அழிக்காமல் விற்கவோ கொடுக்கவோ கூடாது. உங்கள் உறுதியும் அடையாள அட்டையும் அதில் இன்னும் இருக்கின்றன. சாதாரணமாக 'டிலீற்' செய்தவற்றை மீட்டெடுக்கலாம். முழுமையான 'போர்மற்' செய்யவும். அல்லது துளைபோட்டுத் தட்டை உடைக்கவும். எரிக்கவோ, கிணற்றிலும் வயலிலும் வீசவோ வேண்டாம்; இவற்றில் உள்ள உலோகங்கள் நீரையும் மண்ணையும் கெடுக்கும்.

ஓர் எச்சரிக்கை. எஸ்.எஸ்.டி. முன்னறிவிப்பின்றி ஒரேயடியாக நின்றுவிடக் கூடியது. வருடக்கணக்கில் மின்சாரமின்றி வைத்தால் அதில் உள்ளவை அழியவும் கூடும். ஆகவே புதிய எஸ்.எஸ்.டி. வந்தாலும் பிரதி எடுக்கும் பழக்கத்தை விடக்கூடாது.

எப்போது செலவழிக்கக் கூடாது?

தாய்ப்பலகையோ திரையோ பழுதாயிருந்தால், மூளையே போதாதிருந்தால், அல்லது உதிரிப் பாகங்களின் மொத்தச் செலவு நல்ல நிலையிலுள்ள இன்னொரு பழைய கணனியின் விலையில் பாதியைத் தாண்டினால் நிறுத்திக்கொள்வது நல்லது. இணையம் மெதுவாக இருப்பதற்குத் தொலைபேசிச் சமிக்ஞைக் குறைவு காரணமாயின் இந்தத் திருத்தம் உதவாது.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் பழசென்று மூலையில் போட்ட மடிக்கணனிகள் எத்தனை உள்ளன? அவற்றின் குறை எங்கே என்று பார்த்தோமா?

2. எமது குடும்பத்தின் உறுதியும் பத்திரங்களும் எத்தனை இடங்களில் பிரதியாக உள்ளன?

3. ஸ்குறூ டிறைவர், யூ.எஸ்.பி. உறை, பென் டிறைவ் ஆகியவற்றைச் சங்கத்தின் பொதுவில் வாங்கி வைத்து, இரண்டு இளைஞர்களைப் பழக்க முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு விடை காணுமுன், இரண்டாவது கேள்விக்கு இன்றிரவே வீட்டில் விடை காணுங்கள்.